1988 அவதூறு மசோதா: ஆசிரியர்கள் சேர்ந்து நின்ற அந்த மூன்று வாரம்

கூடல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

என் மகள் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடத்தில் எமர்ஜென்சி தணிக்கை பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. 1988 பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. எமர்ஜென்சியில் பத்திரிகைகள் பெரும்பாலும் தோற்றன. 1988இல் ஜெயித்தன. தோற்றதைச் சொல்லிக் கொடுக்கிறோம், ஜெயித்ததை விட்டுவிடுகிறோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1988 ஆகஸ்ட் கடைசியில் ராஜீவ் காந்தி அரசு மக்களவையில் அவதூறு மசோதாவைக் கொண்டு வந்தது. கொண்டு வந்த வேகத்திலேயே ஆகஸ்ட் 30இல் நிறைவேற்றியும் விட்டார்கள். சபையில் காங்கிரசுக்கு 400க்கும் மேல் உறுப்பினர்கள், யாராலும் தடுக்க முடியவில்லை. அவையில் மசோதாவுக்குப் பொறுப்பாக நின்று வாதாடியவர் அப்போது உள்துறை இணை அமைச்சராக இருந்த நம் சிவகங்கை ப. சிதம்பரம். ஒருவர் குற்றம் செய்தார் என்று பொய்யாக எழுதுவதைத் தனிக் குற்றமாக்கி, எழுதியது உண்மை என்று காட்டும் சுமையை எழுதியவர் தலையில் வைத்து, சுருக்க விசாரணையில் முடித்துத் தண்டிக்க வழி செய்தது அந்த மசோதா.

அது வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி பேர லஞ்ச விவகாரத்தை வெளியே கொண்டு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களில் ரெய்டு. 1988இல் தி இந்து போஃபர்ஸ் ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. அடுத்த தேர்தலுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

மாநிலங்களவைக்குப் போகவே இல்லை அந்த மசோதா. செப்டம்பர் 22இல் அரசே கைவிட்டது. 400 எம்.பி. உள்ள அரசு மூன்று வாரத்தில் இறங்கி வந்தது எப்படி? அந்தக் காலத்தில் பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.

---

ஈயஎழுத்து

நான் இருந்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் டெஸ்க்குக்கு மாறினேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம்.

டெல்லி ஊர்வலம் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். 84 வயதில் இந்தியன் எக்ஸ்பிரஸ் முதலாளி ராம்நாத் கோயங்கா வந்து நின்றது, பத்திரிகையாளர்கள் அருண் ஷோரி, குல்தீப் நய்யார் எல்லாம் ஒன்றாகப் போனது. அந்தப் படம் எங்கள் டெலிபிரிண்டர் அறைச் சுவரில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே நாடு தழுவிய வேலைநிறுத்தமும் நடந்தது. எங்கள் அலுவலகத்தில் அன்று மெஷின் ஓடவில்லை. ராத்திரி பார்சல் ஏற்ற வருகிற வேன்காரர் விஷயம் தெரியாமல் வந்து, வாசலில் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் ஊர்வலத்தாலும் ஒரு நாள் வேலைநிறுத்தத்தாலும் மட்டும் மசோதா போனது என்று நான் நம்பவில்லை. வேறு ஒன்று நடந்தது. அமைச்சர் யார் பேட்டி கொடுக்க வந்தாலும் முதல் கேள்வி, "இந்த மசோதாவை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" ஆமாம் என்றால் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டும். விவசாயத் துறைப் பேட்டியோ அணை திறப்போ, எதுவாக இருந்தாலும் அதே கேள்வி. தினமும் அதே கேள்வி. அமைச்சருக்கு ஊர்வலம் ஒரு நாள் தலைவலி. தன் படம் பேப்பரில் வராமல் போவது தினமும் தலைவலி. பத்தே நாளில் கட்சிக்காரர்களே டெல்லிக்குப் போய் முறையிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எங்கள் நிருபர்கள் சொன்னார்கள்.

இன்னொன்று. ஒருவரை ஒருவர் முகம் கொடுத்துப் பார்க்காத பத்திரிகைகள் அப்போது சேர்ந்தன. ஒரே ஊரில் ஏஜென்டைப் பிடுங்க அடித்துக்கொண்டவர்கள் ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளி, ஆசிரியர், நிருபர், மெஷின் பிரிவு நான்கு பேரும் ஒரே பக்கம் நின்று என் 31 வருஷ வேலையில் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சம்பளக் குழு விஷயத்தில் அப்படி நின்றதில்லை.

---

தேனிக்காரன்

மன்னிக்கவும், நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

2009இல் என் அண்ணனை ஒரு மோசடி வழக்கில் கைது செய்தார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் படத்தோடு, ஊர்ப் பெயரோடு, வேலை பார்த்த கடையின் பெயரோடு வந்தது. மூன்று வருஷம் கழித்து நீதிமன்றம் அவரை விடுவித்தது, அவருக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு நானே மூன்று தடவை நடந்தேன். "பார்க்கிறோம் தம்பி" என்றார்கள். ஒரு வரி வரவில்லை. அண்ணன் மகளுக்கு வந்த சம்பந்தம் அந்தப் பழைய செய்தியால் நின்றுபோனது.

பத்திரிகை சுதந்திரம் வேண்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கள் மேல் சட்டம் வரும்போது ஆசிரியர்கள் எல்லாம் ஒன்று சேர்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் மேல் தப்பாக எழுதும்போது யார் சேர்ந்து நின்றார்கள்? 1988 மசோதா இருந்திருந்தால் என் அண்ணனுக்கு நியாயம் கிடைத்திருக்குமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

---

சட்டம்_படிப்பவள்

தேனிக்காரன் அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பத்திரிகை செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அந்த மசோதா உங்கள் அண்ணனுக்கு உதவியிருக்காது. இப்போது இருக்கிற சட்டமே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகள் 1860இலிருந்து உண்டு, 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதாவில் 356ஆவது பிரிவு. உங்கள் அண்ணன் வழக்குப் போட வேண்டுமென்றால் சொந்தக் காசில் வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு அமைச்சரின் பதவிப் பணி சம்பந்தமாக எழுதினால்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 199(2)இன் கீழ் அரசு வக்கீலே அவர் சார்பில் நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்வார். செலவு மக்கள் பணம். புதிய சட்டத்திலும் அந்த வசதி அப்படியே இருக்கிறது.

2011 முதல் 2016 வரை தமிழ்நாடு அரசு இப்படிப் போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று அரசே உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஊடகங்கள் மேல். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பல பத்திரிகையாளர்கள் மேலிருந்த இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. ஆனால் அதுவரை அந்த ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். எழுதியவருக்குத் தண்டனை வாங்கித் தருவது அரசுக்கு முக்கியமே இல்லை. அலைய வைத்தால் போதும்.

1988 மசோதாவில் நிரூபிக்கும் சுமையை எழுதியவர் மேல் போட்டதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படியுங்கள். போஃபர்ஸ் மாதிரி விஷயத்தில் ஆவணம் முழுவதும் அரசின் பூட்டில் இருக்கும். எழுதியது உண்மை என்று நிரூபிக்கத் தேவையான காகிதத்தை, வழக்குப் போடுகிறவரே வைத்திருப்பார். அதுதான் அதில் இருந்த பெரிய அநியாயம்.

---

ஈயஎழுத்து

பாப்பா சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் டெல்லியில்தான் இது ஆரம்பித்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

முதலில் நம் ஊரில்தான் நடந்தது. தண்டனைச் சட்டத்தில் 292-ஏ என்று ஒரு பிரிவு தமிழ்நாட்டுக்கென்று 1960இலேயே உண்டு. இழிவான எழுத்து, மிரட்டிப் பணம் பறிக்க எழுதுவது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். அரசு அதைக் கடுமையாக்கியது. 1982 ஜூலை 31இல் பீகாரில் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா அதே மாதிரி ஒரு மசோதாவைச் சட்டசபையில் சில நிமிடங்களில் நிறைவேற்றினார். ஜாமீன் இல்லை, போலீஸ் நேராகக் கைது செய்யலாம். அப்போதுதான் நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காமலேயே 1983இல் பீகார் அதைக் கைவிட்டது.

பட்னாவுக்காகக் கிளம்பிய டெல்லி, ஒரு வருஷம் முன்னால் சென்னைக்காக அந்த அளவுக்குக் கிளம்பவில்லை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். நாங்களும் அன்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சின்னப் பத்திரிகைகளுக்கு எதிரான சட்டம், மஞ்சள் பத்திரிகைகளை ஒழிக்கட்டும் என்று பெரிய பத்திரிகைகளில் பலர் நினைத்தார்கள். எங்கள் செய்தி ஆசிரியர் ஒருவரே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மஞ்சள் பத்திரிகைக்கு என்று போட்ட பூட்டு எல்லாக் கதவுக்கும் பொருந்தும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

1987 மார்ச் கடைசியில் விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருக்கிற இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்கிற ஜோக். அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கோர்ட் இல்லை, வாதம் இல்லை, சபை உரிமை மீறல் என்று தீர்மானம் போட்டுச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு மூன்று நாளில் விட்டார்கள். அவர் அதோடு விடாமல் உயர் நீதிமன்றம் போய், கைது தவறு என்று 1994இல் தீர்ப்பு வாங்கினார். இழப்பீடு ஆயிரம் ரூபாய். அவர் கேட்டது பணத்தை இல்லை.

1988இல் நாங்கள் வேகமாகச் சேர்ந்ததற்கு இந்த ஏழு வருஷமும் காரணம். அடி வாங்கி வாங்கிப் பழகியிருந்தோம்.

---

நல்லூரான்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஈயஎழுத்து ஐயாவின் பதிவுகளை ஆறுதலாக இருந்து வாசித்தேன். தேனிக்காரன் கேட்ட கேள்விக்கு எங்கள் நாட்டில் ஒரு பதில் தேடினார்கள், அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இலங்கையில் தொண்ணூறுகளில் குற்றவியல் அவதூறுச் சட்டம்தான் ஆசிரியர்களுக்கு எதிரான பெரிய ஆயுதம். ஜனாதிபதி சந்திரிகா பற்றி வந்த ஒரு பத்திக்காக சண்டே டைம்ஸ் ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்கவை 1997இல் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். 2000ஆம் ஆண்டில் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கும் அதே கதிதான். இருவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை.

1998 ஏப்ரலில் ஆசிரியர் சங்கம், பத்திரிகை உரிமையாளர்கள், சுதந்திர ஊடக இயக்கம் எல்லோரும் கொழும்பில் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். அதன் பெயரைக் கவனியுங்கள்: ஊடக சுதந்திரத்துக்கும் சமூகப் பொறுப்புக்குமான கொழும்புப் பிரகடனம். இரண்டு சொல்லும் அதில் இருந்தது. குற்றவியல் அவதூறை நீக்கு என்று அரசிடம் கேட்டார்கள். அதே மூச்சில், நாங்கள் பிழை விட்டால் திருத்துவதற்கு ஒரு ஒழுங்கை நாங்களே ஏற்படுத்துவோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். 2002 ஜூனில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு வந்தது. பாதிக்கப்பட்டவர் சிங்களத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ முறைப்பாடு எழுதலாம், காசு கட்டத் தேவையில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பத்திரிகை திருத்தம் போட வேண்டும்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல வரவில்லை. 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் இன்னும் இருக்கிறது, 2009இல் அதைத் திரும்பவும் உயிர்ப்பித்தார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. சட்டத்தை நீக்கின நாட்டில்தான் 2006 மே 2ஆம் திகதி எங்கள் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு பணியாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். உலகப் பத்திரிகை சுதந்திர தினத்துக்கு முதல் நாள் அது. 2009 ஜனவரியில் லசந்தவை வீதியில் வைத்துக் கொன்றார்கள். கொழும்பில் கூடிய ஆசிரியர்களின் ஒற்றுமை யாழ்ப்பாணத்து வீதி வரைக்கும் வரவில்லை என்ற வலி எங்களுக்கு உண்டு. ஆனாலும் 1998இல் அவர்கள் கேட்ட விதம் சரியானது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

---

தேனிக்காரன்

நல்லூரான் ஐயா, நன்றி. இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. சிறைத்தண்டனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரி திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அவ்வளவுதான் அண்ணனுக்கு வேண்டியிருந்தது. அதற்கு இங்கே என்ன வழி?

---

சட்டம்_படிப்பவள்

இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருக்கிறது அண்ணா. 1978 சட்டத்தின்படி புகார் வாங்கி விசாரிக்கலாம், எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. தாலுகாவிலிருந்து ஒருவர் டெல்லிக்கு எழுதிப் போட்டு நியாயம் வாங்குவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

1994இல் ஆட்டோ சங்கர் சுயசரிதை விஷயத்தில் நக்கீரன் கோபால் வழக்கின் தீர்ப்பை ஒரு முறை படியுங்கள். வெளியிடும் முன்பே அரசு தடுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது, தனி மனிதனின் அந்தரங்கத்துக்கும் உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. அதிகாரத்தில் இருக்கிறவருக்கு ஒரு அளவு, உங்கள் அண்ணன் மாதிரி ஆளுக்கு வேறு அளவு. 1988 மசோதா இதைத் தலைகீழாக வைத்தது.

---

தாலுகா நிருபர்

நான் இப்போதும் வேலையில் இருப்பதால் பெயரும் ஊரும் சொல்ல முடியாது. பகுதிநேர நிருபர். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, மாதச் சம்பளம் கிடையாது.

இரண்டு வருஷம் முன்னால் எங்கள் ஒன்றியத்தில் குளம் தூர்வாரியதாகக் கணக்குக் காட்டிய விஷயத்தை எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பில், குளத்தின் படம், இரண்டும் கையில் இருந்தது. செய்தி வந்த மறுவாரம் ஒப்பந்தக்காரர் என் மேலும் பத்திரிகை மேலும் அவதூறு வழக்குப் போட்டார். பத்திரிகையின் வக்கீல் ஆசிரியருக்காக ஆஜரானார். எனக்காக இல்லை. நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே என்றார்கள். அடையாள அட்டை அவர்கள் கொடுத்ததுதான்.

இதுவரை 14 வாய்தா. ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, ஒரு நாள் வேலை போச்சு. நேரில் ஆஜராகாமல் இருக்க அனுமதி கேட்கும் 317 மனு போட வக்கீலுக்குக் காசு. ஒரு முறை போகாமல் விட்டேன், பிடிவாரண்ட் வந்துவிட்டது. வீட்டில் அம்மா பயந்துபோனார்கள்.

1988 ஊர்வலம் பற்றிப் படிக்க உடம்பு சிலிர்க்கிறது. உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் அந்த ஒற்றுமை எந்தப் படிக்கட்டோடு நிற்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குக் கீழ்ப் படியில் நான் நிற்கிறேன்.

---

கூடல்வாசி

தாலுகா நிருபர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி எனக்கு ஒன்றும் எழுத ஓடவில்லை.

இப்போதைய ஒற்றுமை பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. தேசத்துரோகப் பிரிவு 124-ஏ மேல் பத்திரிகை ஆசிரியர்களின் சங்கமான எடிட்டர்ஸ் கில்டும் மனுப் போட்டிருந்தது, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆன்லைன் செய்திகளை அரசே உண்மை சரிபார்த்து நீக்கச் சொல்லும் 2023 விதிக்கு எதிராகவும் கில்ட் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. முதலில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள், மூன்றாவது நீதிபதி 2024 செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்றார். இவை சின்ன விஷயம் இல்லை. அதே சமயம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே மாற்றுகிறது. குளம் தூர்வாரிய பில்லை நீங்கள் வாங்கினீர்களே, அடுத்த நிருபர் அப்படி ஒரு பில் கேட்டால் அதில் இருக்கும் பெயர் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இடம் கிடைக்கும்.

ஈயஎழுத்து சார், உங்களிடம் ஒரு கேள்வி. அன்று போலப் பேட்டியில் எழுந்து வருவது இன்று நடக்குமா?

---

ஈயஎழுத்து

நடக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடினம். அன்று அமைச்சருக்குப் பேப்பர் வேண்டும், வேறு வழி இல்லை. இன்று அவரே ஃபோனில் வீடியோ போட்டுவிடுவார். நான்கு பேர் எழுந்து போனால் ஐந்தாவது ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அரசு விளம்பரம் நின்றால் அடுத்த மாதச் சம்பளம் நிற்கும் பத்திரிகைகள்தான் பாதிக்கு மேல்.

ஆனால் எமர்ஜென்சியிலும் இப்படித்தான் பேசினார்கள். 1975 ஜூன் 28இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெள்ளையாக விட்டது. டெல்லி பிரஸ் கிளப்பில் நூறு பேர் போலக் கூடித் தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே குல்தீப் நய்யாரைக் கைது செய்தார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டார்கள். அந்த வெட்கம் எங்கள் தலைமுறைக்குள் இருந்தது. எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் எடிட்டர்ஸ் கில்ட் பிறந்ததே அதனால்தான். 1988இல் தெருவுக்கு வந்தவர்களில் பலர் 1975இல் பயந்து வீட்டில் இருந்தவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது முறை வந்தார்களே.

தாலுகா நிருபர் தம்பிக்கு. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் காலத்திலும் பகுதிநேர நிருபர்களை அப்படித்தான் வைத்திருந்தோம். வேலைநிறுத்தத் தீர்மானத்தில் அவர்களிடம் கையெழுத்துக் கூட வாங்கவில்லை, சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்று. எட்டுப் பத்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்று தன் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு அன்றைய செய்திக் காசும் போனது. அதை இத்தனை வருஷம் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

---

தேனிக்காரன்

தாலுகா நிருபர் தம்பி, உங்கள் கையில் பில் இருந்தது, படம் இருந்தது. என் அண்ணன் விஷயத்தில் எழுதியவர் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருவரையும் ஒரே தராசில் போட்டுப் பேசியது என் தவறு. உங்கள் வக்கீல் செலவுக்கு நான் ஏதாவது கொடுக்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

சட்டம்_படிப்பவள்

நான் பயிற்சிக்குப் போகும் சீனியர் இப்படிப்பட்ட வழக்குகளைக் காசு வாங்காமல் எடுப்பார். இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். கையில் பில் இருக்கிறது என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம், மதுரைக் கிளையிலேயே பார்க்கலாம் என்றார். புகார் நகல், சம்மன், செய்தி வந்த பக்கம், தகவல் உரிமையில் வந்த பதில், எல்லாவற்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அண்ணா. அடுத்த வாய்தா என்றைக்கு?

---

தாலுகா நிருபர்

வரும் வியாழன், காலை பத்தரைக்கு. அனுப்பிவிட்டேன் தங்கச்சி. தேனி அண்ணா, காசு வேண்டாம். முடிந்தால் அன்று கோர்ட்டுக்கு வாருங்கள். 14 முறையும் தனியாகத்தான் போனேன்.

---

ஈயஎழுத்து

எந்தக் கோர்ட் என்று எனக்கும் அனுப்புங்கள். மதுரையிலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறேன்.